அடுக்களையும் நிலவறையும்: வட அமெரிக்க வீடுகளைப் புதுப்பிப்பது பற்றி

வட அமெரிக்காவில் வீட்டைப் புதுப்பிக்க நினைக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் முதலில் கை வைப்பது இரண்டு இடங்களில். ஒன்று சமையலறை. மற்றது, அங்குள்ள தமிழர்களும் பேஸ்மென்ட் என்றே சொல்லிப் பழகிவிட்ட நிலவறை. இரண்டைப் பற்றியும் நடக்கும் பேச்சு ஏறக்குறைய ஒன்றுதான்: இடைச்சுவரை இடித்துச் சமையலறையைக் கூடத்தோடு சேர்க்க வேண்டும், நடுவில் கல் பதித்த மேடை ஒன்று வேண்டும், கீழே பெரிய தொலைக்காட்சியும் நாலு பேர் உட்கார்ந்து பேச இடமும் விருந்தாளி தங்க ஓர் அறையும் வேண்டும். இந்த ஆசைகளில் எதையும் நான் குறை சொல்லமாட்டேன். உறவும் நட்பும் வந்து போனால்தான் வீடு நிறையும். ஆனால் இந்த வேலைகளுக்குக் கொட்டப்படும் பணத்தால் யாருடைய நாள் மாறுகிறது என்று கேட்டுப் பார்த்தால் கிடைக்கும் விடை மனத்துக்கு நிறைவாக இல்லை. மாதத்தில் ஒரு மாலை வந்து போகிறவரின் கண்ணுக்காகச் செலவு நடக்கிறது. தினமும் அடுப்பின் முன் நிற்பவருக்கும் கீழ்த்தளத்தில் தூங்குபவருக்கும் மிச்சம் மீதி போகிறது. ஆகவே ஒரு புதுப்பிப்பு நன்றாக அமைந்ததா என்று அறிய இரண்டு கேள்விகள் கேட்டால் போதும் என்பது என் வாதம். வீட்டில் ஆட்கள் கூடும்போது சமைப்பவர் அந்தக் கூட்டத்துக்குள் இருக்கிறாரா? நிலவறையில் படுத்திருப்பவரால், தண்ணீரோ தீயோ வந்தால், தானாக வெளியேற முடியுமா? இரண்டுக்கும் ஆம் என்று சொல்ல முடிந்த வீட்டில் விருந்தாளிக்கும் குறை இருக்காது.

இரண்டு இடங்களுக்கும் பூர்வீகம் ஒன்று. நியூயார்க்கின் புரூக்ளினில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த செம்பழுப்புக் கல் வரிசை வீடுகளில் சமையலறை தெருமட்டத்துக்குக் கீழே பாதி புதைந்த தளத்தில் இருந்தது. அங்கே நின்றவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்தவர்கள். அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்த இளம்பெண்கள் அவர்களில் ஏராளம். சமைத்த உணவு மேலே போனது, சமைத்தவர் கீழேயே இருந்தார். வேலையாட்கள் கிடைப்பது அரிதாகி, வீட்டுக்காரியே அடுப்பின் முன் நிற்க நேர்ந்தபோதுதான் அமெரிக்கா சமையலறையைப் பற்றி யோசிக்கத் தொடங்கியது. கேத்தரின் பீச்சரும் அவர் தங்கை ஹாரியட் பீச்சர் ஸ்டோவும் 1869இல் வெளியிட்ட இல்லற நூலில், நீராவிக் கப்பலின் சமையல் அறையை முன்மாதிரியாகக் காட்டி, கைக்கெட்டும் தூரத்தில் எல்லாம் இருக்கும் சிறிய அடுக்களையை வரைந்தார்கள். 1912, 1913ஆம் ஆண்டுகளில் கிறிஸ்டின் ஃபிரெடரிக் தொழிற்சாலைகளில் நடந்த நேர அளவீட்டை அடுக்களைக்குக் கொண்டுவந்து, ஒரு வேலைக்கு எத்தனை அடி நடக்கிறோம் என்று எண்ணச் சொன்னார். அவர் எழுதியதைப் படித்த வியன்னாவின் கட்டடக்கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே லிஹோட்ஸ்கி 1926இல் ஃபிராங்க்ஃபர்ட் சமையலறையை வடிவமைத்தார். ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். சுமார் 10,000 குடியிருப்புகளில் அது பொருத்தப்பட்டது. இன்று உலகமெங்கும் சுவரோடு சுவராக ஓடும் மேடையும் மேல் அலமாரியும் அதன் வாரிசுகள். நடக்கும் தூரம் குறைந்தது உண்மை. ஆனால் அந்த அறையில் ஒருவர்தான் நிற்கலாம். கூடத்தில் விளையாடும் பிள்ளையைப் பார்க்க ஒரு தள்ளுகதவு வைக்கப்பட்டிருந்தும், சமைத்தவர் தனியாள் ஆனார். இந்தக் குறையைப் பின்னாளில் பெண்ணியவாதிகள் சுட்டிக்காட்டினார்கள்.

மறுபக்கத்தில், விஸ்கான்சினின் மேடிசன் நகரில் கட்டடக்கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் 1937இல் முடித்துக்கொடுத்த ஜேக்கப்ஸ் வீட்டில் சமையல் செய்யுமிடம் உணவு மேசையோடும் கூடத்தோடும் ஒட்டி நின்றது. அடுக்களை வீட்டின் பின்புறத்திலிருந்து நடுவுக்கு வந்த நெடும்பயணத்தில் அது ஒரு முக்கியத் தடம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு புறநகர்கள் பெருகி, குளிர்பெட்டியும் பாத்திரம் கழுவும் இயந்திரமும் வீட்டின் பெருமைகளாயின. 1959இல் மாஸ்கோவின் அமெரிக்கக் கண்காட்சியில் அமெரிக்கத் துணை அதிபர் நிக்சனும் சோவியத் தலைவர் குருசேவும் ஒரு மாதிரிச் சமையலறையின் முன் நின்று வாதிட்டபோது அந்த அறை ஒரு நாட்டின் அந்தஸ்தாகவே ஆகிவிட்டிருந்தது. காட்சிப்பொருளாக மாறிய அறையில் வேலை செய்வது எளிதல்ல என்ற சிக்கலின் விதை அப்போதே விழுந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

நிலவறையின் கதை வேறு வழியில் வந்தது. குளிர் நாடுகளில் அது ஆடம்பரத்துக்காகத் தோண்டப்பட்டதல்ல. மண்ணின் ஈரம் உறைந்தால் விரியும்; விரியும் மண் அடித்தளத்தைத் தூக்கி உடைக்கும். எனவே அடித்தளம் உறைபனி எட்டாத ஆழத்தில் நிற்க வேண்டும். டொரன்டோ வட்டாரத்தில் அந்த ஆழம் ஏறக்குறைய 1.2 மீட்டர், அதாவது நாலு அடி. எப்படியும் அவ்வளவு தோண்டியாக வேண்டும் என்றால் இன்னும் கொஞ்சம் தோண்டி ஒரு தளமாக்கிவிடலாம் என்பதே கணக்கு. அங்கே நிலக்கரி உலையும் கரிக்குவியலும் துணி துவைக்கும் தொட்டியும் இருந்தன. கரியின் இடத்தை எண்ணெயும் எரிவாயுவும் பிடித்தபின் தூசி அடங்கியது, இடம் மிஞ்சியது. மரப்பலகை அடித்த சுவர்களோடு பொழுதுபோக்கு அறைகள் அங்கே முளைத்தன. பனிப்போர்க் காலத்தில் சில வீடுகளில் அணுகுண்டுப் புகலிடம்கூட அதே இடத்தில் அமைந்தது. இதில் நாம் மறக்கக்கூடாதது ஒன்று உண்டு: மனிதர் வாழ்வதற்கென்று அந்தத் தளம் கட்டப்படவில்லை. தண்ணீரை வெளியே நிறுத்துவதும் காற்றை உள்ளே கொண்டுவருவதும் அதன் மூல வடிவமைப்பில் அரைகுறையாகவே இருந்தன. மேலே பூச்சும் கம்பளமும் போடுவதால் அந்தக் குறை மறைகிறதே தவிர நீங்குவதில்லை.

ஒரு குடும்பம் வீட்டின் எந்தப் பகுதியில் உண்மையில் வாழ்கிறது என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸின் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் 32 நடுத்தரக் குடும்பங்களின் வீடுகளுக்குள் 2001 முதல் 2005 வரை சென்று, யார் எந்த நேரத்தில் எங்கே இருக்கிறார்கள் என்று குறித்துவைத்தார்கள். 2012இல் அது நூலாக வந்தது. ஒரு வீட்டின் தரைப்படத்தில் ஆட்கள் நின்ற, உட்கார்ந்த இடங்களைப் புள்ளிகளாக்கியிருந்தார்கள். அந்தப் புள்ளிகள் அடுக்களையையும் அதை ஒட்டிய மேசையையும் தொலைக்காட்சி இருக்கும் மூலையையும் மொய்த்திருந்தன. விருந்துக்கான உணவறையும் முன்திண்ணையும் கிட்டத்தட்ட வெறுமையாகக் கிடந்தன. அந்தக் குடும்பங்களின் பின்தோட்டங்களும் அப்படித்தான். அவற்றுக்குப் பணம் செலவழித்தவர்களே அங்கே உட்கார நேரம் கண்டதில்லை. வீட்டைப் பெரிதாக்கியவர்கள் படுக்கையறையை விரிவாக்கியதும், நெரிசல் மிகுந்த அடுக்களை அப்படியே நின்றதும் இந்த ஆய்வில் தெரிந்தது. 32 வீடுகள் ஒரு நாட்டுக்குச் சான்றாகுமா என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். லாஸ் ஏஞ்சலிஸில் பனி இல்லை, நிலவறையும் அரிது. என்றாலும் குடும்பம் அடுப்பைச் சுற்றியே திரள்கிறது என்ற முடிவை மறுக்கும் சான்று எதையும் நான் கண்டதில்லை. பள்ளிப் பையை வைப்பது, வீட்டுப்பாடம் எழுதுவது, கடிதம் பிரிப்பது, சண்டை போடுவது எல்லாம் அங்கேதான் நடக்கின்றன.

அப்படியானால் அடுக்களைக்குத் தேவையானவை என்ன? முதலில் இடவசதி. குளிர்பெட்டி, தொட்டி, அடுப்பு மூன்றையும் இணைக்கும் முக்கோணத்தின் மொத்தச் சுற்றளவு 26 அடியைத் தாண்டக்கூடாது என்ற விதி இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1940களில் நடந்த ஆய்வுகளிலிருந்து வந்து, இன்றும் வடிவமைப்பாளர் கையேடுகளில் நிற்கிறது. ஒருவர் சமைப்பதை மனத்தில் வைத்த விதி அது. இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்தால் நடைவழி 42 அங்குலம் போதாது, 48 வேண்டும் என்று அதே கையேடுகள் சொல்கின்றன. மாமியாரும் மருமகளும் மகனும் ஒன்றாக நின்று தோசை சுட்டு, சட்னி அரைத்து, காய் நறுக்கும் வீட்டுக்கு அந்த ஆறு அங்குலம் பெரிய வரம். அழகுப் படங்களில் வரும் பெரிய நடுமேடை பெரும்பாலும் அந்த வழியைத்தான் தின்கிறது. மேடையின் உயரமும் அப்படியே. 36 அங்குலம் என்பது தொழிற்சாலை அலமாரிகளின் பொது அளவு. முழங்கைக்குச் சில அங்குலம் கீழே மேடை இருந்தால்தான் தோள் வலிக்காமல் நறுக்க முடியும். ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்கு 36 அங்குலம் கூடுதல். மாவு பிசையவும் சப்பாத்தி தேய்க்கவும் இன்னும் தாழ்வான இடம் வேண்டும். சமைப்பவரின் உயரத்துக்கு ஏற்ப மேடையைச் செய் என்று பொறியாளர் லில்லியன் கில்பிரெத் 1930களின் வாசலிலேயே வலியுறுத்தினார். ஒரு பக்க மேடையை மட்டும் 32 அங்குலத்தில் வைப்பதற்குப் பெரிய செலவில்லை. வீட்டை விற்கும்போது இடைஞ்சல் என்று சொல்லி அதைத் தடுப்பவர்கள், அடுத்து வாங்கப்போகும் முகம் தெரியாத ஆளின் தோளை நினைத்து வீட்டில் இருப்பவரின் தோளை விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது காற்று. என் மதிப்பீட்டில் அடுக்களைப் புதுப்பிப்பின் இதயம் இதுதான். அடுப்புக்கு மேலே இருக்கும் ஹூட் எனப்படும் புகை இழுப்பானில் இரண்டு வகை. ஒன்று புகையைக் குழாய் வழியே வீட்டுக்கு வெளியே தள்ளும். மற்றது வலையில் வடிகட்டி அதே அறைக்குள் திருப்பி ஊதும். இரண்டாவது வகை கொஞ்சம் எண்ணெயைப் பிடிக்கும். வாயுக்களை என்ன செய்துவிடும்? லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் வெளியே தள்ளும் ஹூட்களையே சோதித்தபோது, அடுப்பிலிருந்து எழுவதில் அவை பிடித்த பங்கு 15 சதவீதத்துக்குக் கீழிருந்து 98 சதவீதத்துக்கு மேல் வரை ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. பின்வரிசை அடுப்புகளின் புகை நன்றாகப் பிடிபட்டது. ஹூட்டின் விளிம்பைத் தாண்டி நிற்கும் முன்வரிசையில் தப்பியது. தாளிப்பதும் பொரிப்பதும் மிளகாய் வறுப்பதும் அன்றாடமான வீட்டில் இது சின்ன விஷயமில்லை. டெக்சாஸின் ஆஸ்டினில் 2018இல் பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு சோதனை வீட்டில் நன்றியறிதல் நாள் விருந்தைச் சமைத்து அளந்தபோது, வீட்டுக்குள் நுண்துகள் மாசு மிகுந்த பெருநகரங்களின் காற்றுக்கு இணையாக ஏறியது. நம் கடுகும் வற்றலும் அதில் இல்லை. எரிவாயு அடுப்பானால் நைட்ரஜன் டை ஆக்சைடும் கூடச் சேரும். இண்டக்‌ஷன் அடுப்பில் அந்த வாயு இல்லை. அலுமினியப் பாத்திரமும் குழிவான அடிப்பாகம் கொண்ட சட்டியும் அதில் வேலைக்காகா, இரும்புத் தோசைக்கல் நன்றாக வேலை செய்யும். ஆனால் எண்ணெய் காய்ந்தால் துகள் எழத்தான் செய்யும், அடுப்பு எதுவானாலும். அதனால் அடுப்பை விட அகலமான ஹூட், சுவரோடு ஒட்டிய அடுப்பு, குட்டையான நேரான குழாய், இந்த மூன்றுக்கும் முதல் பணம் போக வேண்டும். நடுமேடையில் அடுப்பை வைத்தால் நாலு பக்கமும் புகை சிதறும். விருந்தாளியைப் பார்த்துக்கொண்டே சமைக்கலாம் என்பதற்காக அதை அங்கே வைப்பவர்கள் நடுமேடையில் தொட்டியையும் நறுக்கும் இடத்தையும் வைத்துவிட்டு அடுப்பைச் சுவரிலேயே விட்டால் இரண்டு பயனும் கிடைக்கும். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. நிமிடத்துக்கு 400 கன அடிக்கு மேல் இழுக்கும் ஹூட்டுக்கு வெளிக்காற்று உள்ளே வர வழி வேண்டும் என்பது அமெரிக்க வீட்டுக் கட்டட விதி. அடைத்து மூடிய குளிர்நாட்டு வீட்டில் அந்த வழி இல்லையென்றால், நிலவறையில் இருக்கும் பழைய வகை எரிவாயு வெந்நீர்க் கொதிகலனின் புகைக்குழாய் வழியாகவே காற்று உள்ளே இழுக்கப்படும். அதோடு கார்பன் மோனாக்சைடும் வரும். மேலே வாங்கும் ஒரு கருவி கீழே தூங்குபவரின் மூச்சைத் தொடுகிறது. அடுக்களையையும் நிலவறையையும் தனித்தனி வேலைகளாக எண்ணக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

இங்கே ஒரு வலுவான எதிர்வாதம் எழும். திறந்த அடுக்களையெல்லாம் ரொட்டியும் சாலட்டும் தின்பவர்களுக்கு. நம் சமையலுக்குக் கதவு வேண்டும், முடிந்தால் தனி அடுப்படியே வேண்டும் என்பார்கள். இதற்கு நல்ல மரபும் இருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளில் குசினி வீட்டை விட்டுத் தள்ளித் தனியாக நின்றது. செட்டிநாட்டு வீடுகளில் அடுப்படி பின்கட்டில். புகையும் தீயும் வெயிலும் சேர்ந்து தந்த அறிவு அது. வட அமெரிக்காவிலும் இதற்கு உறவு உண்டு. டொரன்டோவிலும் மொன்றியலிலும் குடியேறிய இத்தாலியக் குடும்பங்கள் மேல்தளச் சமையலறையைப் பளபளப்பாக வைத்துவிட்டு, நிலவறையில் இரண்டாவது அடுப்பைப் போட்டுத் தக்காளிச் சாறு காய்ச்சி, அங்கேயே சாப்பிட்டும் வந்தன. பிரிட்டிஷ் கொலம்பியாவில் சீனக் குடும்பங்களுக்கும் பஞ்சாபிக் குடும்பங்களுக்கும் வீடு கட்டித் தருபவர்கள் பிரதான அடுக்களைக்குப் பின்னால் கதவோடு கூடிய சிறிய மசாலா அடுக்களையைச் சேர்ப்பது சாதாரணமாகிவிட்டது. டொரன்டோவைச் சுற்றியுள்ள தமிழ் வீடுகளிலும் பேஸ்மென்டில் ஓர் அடுப்பு இருப்பது புதுமையல்ல. நூறு பேருக்குப் பிறந்தநாள் சாப்பாடு அங்கேதான் கொதிக்கிறது.

இந்த மரபை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்துக் குசினிக்குக் கூரையின் இடுக்குகளிலிருந்தும் திறந்த கதவிலிருந்தும் காற்று வந்தது. முற்றத்தில் உட்கார்ந்து தேங்காய் துருவியவரோடு பேச்சுக்கு ஆள் இருந்தது. டொரன்டோ நிலவறையில் அந்த இரண்டும் இல்லை. ஜன்னல் ஒரு சாண், கூரை தாழ்வு, மேலே சிரிப்பொலி, கீழே தனியாக நிற்கும் அம்மா. மேலே கல் பதித்த அடுக்களை புது மெருகு குலையாமல் இருக்கிறது. இதுதான் புரூக்ளின் வரிசை வீட்டின் பழைய ஏற்பாடு, வேலைக்காரிக்குப் பதில் தாய் என்பதைத் தவிர வேறுபாடு எதுவும் தெரியவில்லை. அம்மாவுக்கே அதுதான் பிடித்திருக்கிறது என்ற பதிலில் உண்மை இருக்கலாம். மேலே சமைத்தால் வாசனை திரையில் ஒட்டும், எண்ணெய் தெறிக்கும் என்று நாலு முறை சொல்லக் கேட்டவர் கீழே போவதைத் தானே விரும்பத் தொடங்குவார் என்பதும் உண்மைதான். இரண்டாம் அடுக்களை வேண்டுமென்றால் அது பிரதான அடுக்களையை ஒட்டி அதே தளத்தில், கண்ணாடிக் கதவோடு, வெளிச்சுவரில் ஹூட்டோடும் ஜன்னலோடும் இருக்கட்டும். சரக்கறைக்கு ஒதுக்கும் இடத்தில் அது அடங்கும். வசதியுள்ள வீடுகளில் ஹூட் வேலையை முதலில் ஒழுங்காகச் செய்துவிட்டு, ஓர் ஆண்டு சமைத்துப் பார்த்த பிறகு இரண்டாவது அடுப்பு தேவையா என்று முடிவு செய்வது இன்னும் நல்லது.

நிலவறைக்கு வருவோம். அங்கே முதல் எதிரி தண்ணீர். 2013 ஜூலை 8 அன்று மாலை டொரன்டோ பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீட்டர் மழை சில மணி நேரத்தில் கொட்டியது; காப்பீட்டு நிறுவனங்கள் கொடுத்தது கிட்டத்தட்ட 100 கோடி டாலர். நிலவறைகள் மூழ்கியதே அதில் பெரும்பங்கு. தண்ணீர் வந்த வழிகளில் ஒன்று சாக்கடை. தெருக் குழாய் நிரம்பினால் அது வீட்டுக்குள் பின்னோக்கி ஏறும். அதைத் தடுக்கும் வால்வு ஒன்றும், அடித்தளத்தைச் சுற்றிச் சேரும் நீரை வெளியேற்றும் சம்ப் பம்பும் அதற்கு மின்சாரம் போனால் ஓட ஒரு பாட்டரியும் நிலவறைப் புதுப்பிப்பின் தொடக்கச் செலவுகள். டொரன்டோ நகராட்சி இவற்றுக்கு மானியமே தருகிறது. ஆனாலும் பலர் தரைவிரிப்பையும் சாய்வு நாற்காலிகளையும் முதலில் வாங்குகிறார்கள். நீர் கசியும் கான்கிரீட் சுவர் மேல் மரச்சட்டமும் டிரைவால் பலகையும் அடித்தால் உள்ளே பூஞ்சை பிடிப்பது வெளியே தெரியாது. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு மட்டும் தெரியும்.

இரண்டாவது எதிரி கண்ணுக்குத் தெரியாதது. மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் சிதைந்து உண்டாகும் ரேடான் என்ற கதிர்வீச்சு வாயு அடித்தள விரிசல்கள் வழியே ஏறி நிலவறையில் தங்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை ஆண்டுக்குச் சுமார் 21,000 நுரையீரல் புற்றுநோய் மரணங்களை அதனோடு இணைக்கிறது. கனடாவில் அந்த நோயால் சாவோரில் ஏறக்குறைய 16 சதவீதத்தினரின் சாவுக்கு அது காரணம் என்று கனடா சுகாதாரத் துறை கணக்கிடுகிறது. ஒரு கன மீட்டருக்கு 200 பெக்கரல் என்பது கனடாவின் வரம்பு, உலக சுகாதார நிறுவனம் 100 என்கிறது. தரைக்கடியில் குழாய் இறக்கி ஒரு விசிறியால் வாயுவை வெளியேற்றுவது பழகிய, எளிய தொழில்நுட்பம். தரைக்கு மேல் ஓடு பதிப்பதற்கு முன் செய்தால் செலவு இன்னும் குறையும். முன்பு வாரத்தில் ஒரு மணி நேரம் துணி துவைக்க இறங்கிய இடத்தைப் பிள்ளையின் படுக்கையறையாகவும் தாத்தாவின் அறையாகவும் மாற்றும்போது, தினமும் எட்டு மணி நேரம் அந்தக் காற்றை அவர்கள் சுவாசிப்பார்கள் என்பதை நினைக்க வேண்டும். இது பெரியவர்கள் அறியாமல் விட்டுவிடக்கூடிய அபாயம் என்பதால்தான் எனக்கு இதில் இவ்வளவு அக்கறை.

மூன்றாவது, வெளியேறும் வழி. 2021 செப்டம்பர் 1 இரவு ஐடா சூறாவளியின் எச்சம் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் ஒரே மணி நேரத்தில் 3.15 அங்குலம், அதாவது 80 மில்லிமீட்டர் மழையைக் கொட்டியது. நகரில் இறந்த 13 பேரில் 11 பேர் நிலவறைக் குடியிருப்புகளில் மூழ்கினார்கள். பெரும்பாலும் குவீன்ஸ் பகுதியில், குடியேறிகள் வாடகைக்கு இருந்த வீடுகள். தண்ணீர் கதவை அழுத்தியபோது அவர்களுக்கு வேறு வழி இல்லை. தீ விபத்திலும் கதை இதுவே. படுக்கையறை உள்ள தளத்துக்கு நேரே வெளிக்கதவு இல்லையென்றால், கருவி எதுவும் இல்லாமல் உள்ளிருந்து திறக்கக்கூடிய, குறைந்தது 0.35 சதுர மீட்டர் திறப்பும் எந்தப் பக்கமும் 380 மில்லிமீட்டருக்குக் குறையாத அளவும் உள்ள ஒரு ஜன்னலை ஒன்டாரியோ கட்டட விதி கேட்கிறது. அமெரிக்க விதி 5.7 சதுர அடி திறப்பும், தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் போகாத விளிம்பும் கேட்கிறது. ஒரு ஜன்னலை அந்த அளவுக்குப் பெரிதாக்க அடித்தளச் சுவரை அறுக்க வேண்டும், வெளியே மண்ணைத் தோண்டி ஒரு குழிவு அமைக்க வேண்டும். அதற்கு ஆகும் பணம் ஒரு நல்ல தொலைக்காட்சித் திரையும் சோபாவும் வாங்கும் பணத்தைவிட அதிகம். அதனால்தான் அது தள்ளிப்போடப்படுகிறது.

இந்த இடத்தில் தமிழ்க் குடும்பங்களின் கணக்கைப் பேசியாக வேண்டும். 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து டொரன்டோவுக்கு வந்தவர்கள் முதலில் அடுக்குமாடிகளில் நெருங்கி வாழ்ந்து, பிறகு ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் ஏஜாக்ஸிலும் வீடு வாங்கியபோது பேஸ்மென்ட் வாடகைதான் பல வீடுகளில் மோர்ட்கேஜைச் சுமந்தது. புதிதாக வந்து இறங்கிய உறவினருக்கும் மாணவருக்கும் முதல் முகவரி அதுவே. பரதநாட்டியமும் மிருதங்கமும் கணக்கு டியூஷனும் அந்தத் தளங்களில் வளர்ந்தன. ஆகவே, விதிப்படி இல்லாத நிலவறைகளை மூடிவிடுங்கள் என்று சொல்வது எளிதாகத் தோன்றினாலும் அது நியாயமாகாது. அங்கே இருப்பவர் நாளை எங்கே போவார்? ஒன்டாரியோ மாகாணம் 2011இல் நகராட்சிகள் இரண்டாம் குடியிருப்பை அனுமதிக்க வேண்டும் என்று சட்டம் செய்தது அதை உணர்ந்துதான். மறைவாக இருந்ததை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து ஜன்னலும் தீத்தடுப்புச் சுவரும் புகை எச்சரிப்பானும் வைக்கச் சொல்வதே சரியான வழி. பெர்மிட் எடுத்தால் வரி ஏறும், பரிசோதகர் வந்து ஆயிரம் குறை சொல்வார் என்ற அச்சம் பரவலானது, புரிந்துகொள்ளக்கூடியதும் கூட. ஆனால் பெர்மிட் இல்லாமல் போட்ட மின்வயரில் தீப்பிடித்தால் காப்பீட்டுக்காரர் கையை விரிக்க இடம் கிடைக்கிறது. வாடகை வாங்கும் அறையில் ஒருவர் இறந்துபோனால் அந்தக் குடும்பம் இழப்பதைப் பணத்தில் எண்ண முடியாது.

பணத்தைப் பற்றிய எதிர்வாதம் ஒன்று மீதி இருக்கிறது. மறைவான வேலைகளுக்குக் கொடுத்த காசு வீட்டை விற்கும்போது திரும்பாது. கல் மேடையும் விருந்துக்கூடமும்தான் விலையை ஏற்றும் என்பார்கள். அமெரிக்கக் கட்டுமானத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் செலவும் மதிப்பும் பற்றிய அறிக்கை அதற்கு மாறாகச் சொல்கிறது. 2024இல் சின்ன அளவிலான அடுக்களைச் சீரமைப்பில், அதாவது அலமாரிக் கதவு, மேடை, கருவிகள் போன்றவற்றை மட்டும் மாற்றியதில், செலவின் 96 சதவீதம் விற்பனை மதிப்பில் திரும்பியது. நடுத்தரமான முழு மாற்றத்தில் பாதிக்கும் சற்றுக் குறைவு. ஆடம்பர மாற்றத்தில் 38 சதவீதம். எவ்வளவு இடித்துக் கட்டுகிறோமோ அவ்வளவு குறைவாகத் திரும்புகிறது. சராசரி எண்களை ஒவ்வொரு தெருவுக்கும் பொருத்த முடியாது. வீட்டு விலை தாறுமாறாக ஏறும் நகரங்களில் எதைச் செய்தாலும் லாபம் என்று தோன்றும் காலங்களும் இருந்திருக்கின்றன. ஆனால் விருந்துக்கூடத்தை முதலீடு என்று சொல்லி நியாயப்படுத்த இந்தக் கணக்கு இடம் தரவில்லை. ஈரமான நிலவறையோ, வாங்குபவரின் பரிசோதகர் கண்டுபிடிக்கும் முதல் குறை. பேரம் அங்கிருந்து தொடங்குகிறது.

முதியவர்களைக் கீழே குடிவைப்பது பற்றியும் ஒரு சொல். பல குடும்பங்கள் பெற்றோரை அழைத்து வரும்போது தனிமை கிடைக்கட்டும் என்று நிலவறையில் அறையும் குளியலறையும் கட்டுகின்றன. எண்பது வயதில் 13 படிகள் இறங்கி ஏற வேண்டிய அறை, பனிக்காலத்தில் அவர்களை அங்கேயே அடைத்துவிடும். அதே பணத்தில் மேல்தளத்தில் யாரும் உட்காராத உணவறையைப் படுக்கையறையாக்கி, சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் ஒரு குளியலறை வைத்தால், அடுக்களையின் பேச்சு அவர்கள் காதில் விழும். லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வில் வெறுமையாகக் கிடந்த அறை இதுதான் என்பதை மறக்க வேண்டாம். கீழ்த்தளம் பிள்ளைகளுக்கும் கூட்டத்துக்கும் மிருதங்கத்துக்கும் கிடைக்கும்.

இத்தனையையும் ஒரே நேரத்தில் செய்யத் தேவையில்லை, செய்யவும் முடியாது. வேலையின் வரிசைதான் முக்கியம். அதைத் தீர்மானிப்பது ரேடான் அளவி. அந்தக் கருவி நம்பத்தகுந்த விடை தர குறைந்தது மூன்று மாதம் வைத்திருக்க வேண்டும், அதுவும் ஜன்னல்கள் மூடியிருக்கும் குளிர்காலத்தில். அக்டோபரில் அதை நிலவறையில் வைத்துவிட்டுப் பனிக்காலம் முழுவதும் வரைபடமும் பெர்மிட்டும் பார்க்கலாம். எந்த அடுப்பில் யார் நிற்பார், நடைவழி எவ்வளவு, ஹூட்டின் குழாய் எந்தச் சுவரில் வெளியேறும் என்று அளந்து குறிக்கலாம். பனி உருகும் மார்ச்சிலும் ஏப்ரலிலும் நிலவறைச் சுவரில் எங்கே கசிகிறது என்று சுவரே காட்டிவிடும். அதன் பிறகு மண்ணைத் தோண்டி ஜன்னலையும் வடிகாலையும் முடித்து, அடுக்களையின் குழாயைச் சுவரில் இறக்கி, ஒரு பெருமழை வந்து போகும் வரை கான்கிரீட்டை வெறுமையாகவே விட்டுவைத்துவிட்டு டிரைவால் அடிக்க ஆளைக் கூப்பிடலாம்.